ஒரே மொழிக் குடும்பம் என்றால் ஒரே மக்களா? எத்தியோப்பியாவை முன்வைத்து ஒரு விவாதம்

வேர்தேடி | ஞாயிறு, காலை 8.10

சில மாதங்களாக எத்தியோப்பிய வரலாற்றைப் படித்துக்கொண்டிருக்கிறேன். படித்ததில் எனக்குப் பிடிபட்டதை இங்கே வைக்கிறேன். மறுப்பவர்கள் தாராளமாக மறுக்கலாம்.

அந்த நாட்டில் எண்பதுக்கும் மேற்பட்ட மொழிகள். மேற்கு எல்லையை ஒட்டிய சிலவற்றை விட்டுவிட்டால், மற்றதெல்லாம் மூன்று கிளைகளுக்குள் வந்துவிடும். அம்ஹாரிக், திக்ரின்யா, ஹராரி, குராகே மொழிகள் ஆகியவை செமிட்டிக். அரபுக்கும் எபிரேயத்துக்கும் உறவு. ஒரோமோ, சோமாலி, அஃபார், சிதாமா, ஹதியா, கொன்சோ ஆகியவை குஷிட்டிக். தென்மேற்கே ஓமோ ஆற்றை ஒட்டிய வொலாய்த்தா, காமோ, கஃபா, பெஞ்ச், ஆரி, ஹமர் ஆகியவை ஒமோட்டிக்.

என் கருத்து இதுதான்: இவை வெறும் மொழிக் கிளைகள் அல்ல, மூன்று மக்கள். அந்த நாட்டின் சண்டைகள் எல்லாவற்றுக்கும் வேர் இந்தப் பிரிவில் இருக்கிறது. வடக்கு மேட்டுநிலத்துச் செமிட்டிக் அரசர்கள் தெற்கே படை நடத்தினார்கள். இரண்டாம் மெனெலிக்கின் படை 1894-இல் வொலாய்த்தாவைப் பிடித்தது, 1897-இல் கஃபா அரசைப் பிடித்தது. நிலம் படைவீரர்களுக்குப் போனது. உழுதவர்கள் தங்கள் நிலத்திலேயே வரியும் உழைப்பும் கொடுக்கும் குடிகளானார்கள். 1955 அரசியலமைப்பு அம்ஹாரிக்கை ஆட்சிமொழி என்றது. 2007 கணக்கெடுப்பில் ஒரோமோவைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் 33.8 விழுக்காடு, அம்ஹாரிக் 29.3 விழுக்காடு. எண்ணிக்கையில் முதலிடத்தில் இருக்கும் மொழி பல தலைமுறைகளாகப் பள்ளிக்கு வெளியே நின்றது.

கால்டுவெல் 1856-இல் எழுதிய ஒப்பிலக்கணம் தென்னகத்துக்கு ஒரு பெயரும் முகமும் கொடுத்தது. குஷிட்டிக், ஒமோட்டிக் மக்களுக்கும் அப்படி ஒரு பெயர் கிடைத்திருக்கிறது. அதை அவர்கள் பயன்படுத்த வேண்டும் என்றே நினைக்கிறேன்.


தெற்குமேடு | ஞாயிறு, காலை 10.45

வணக்கம் வேர்தேடி. தெற்கு எத்தியோப்பியாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் எட்டு வருடம் பாடம் நடத்தியவன் நான். நம் ஊரிலிருந்து என்னைப் போல நிறைய ஆசிரியர்கள் அங்கே போயிருக்கிறார்கள். நீங்கள் சொன்ன படையெடுப்பு, நிலப்பறிப்பு, மொழி ஒதுக்கல் மூன்றும் உண்மை. அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் 'மூன்று மக்கள்' என்கிறீர்களே, அந்த மூன்று பேரை நான் அங்கே பார்த்ததில்லை.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். நம் வாழையைப் போலவே இருக்கும் ஒரு மரம் அங்கே உண்டு, என்செட் என்பார்கள். அதன் பழத்தைத் தின்ன முடியாது. தண்டையும் கிழங்கையும் சீவி, இலை விரித்த குழியில் புதைத்து, மாதக்கணக்கில் புளிக்கவைத்து, அந்த மாவில் ரொட்டி சுடுவார்கள். சீவுவது பெண்களின் வேலை. உட்கார்ந்து காலால் பலகையை அழுத்திக்கொண்டு மூங்கிலால் இழுத்து இழுத்து வழிப்பார்கள். பார்த்தாலே நமக்கு இடுப்பு வலிக்கும். இந்த மரத்தை நம்பி வாழ்கிறவர்கள் யார்? குராகே மக்கள், உங்கள் கணக்கில் செமிட்டிக். சிதாமா, கெதியோ மக்கள் குஷிட்டிக். வொலாய்த்தா, காமோ, கஃபா ஒமோட்டிக். மரத்தின் பெயர் சிதாமாவில் 'வேசெ', வொலாய்த்தாவில் 'ஊத்தா'. பெயர் வேறு, குழியும் சோறும் ஒன்று. அதே சமயம் தினை போன்ற டெஃப் என்னும் தானியத்தை ஏர்பூட்டி விதைக்கிற வடக்கு அம்ஹாராக்காரருக்கு என்செட் அந்நியம். குராகே வீட்டின் கொல்லை அம்ஹாரா வீட்டைவிடச் சிதாமா வீட்டுக்குத்தான் கிட்ட இருக்கிறது.

நன்றி சொல்வதைக் கேளுங்கள். ஒரோமோவில் 'கலத்தோமி'. வொலாய்த்தாவில் 'கலத்தாய்ஸ்'. சிதாமாவிலும் அதே 'கலத்' வேர்தான். கிளை எல்லை தாண்டி நன்றி நடந்துபோயிருக்கிறது.


ஒலியன் | ஞாயிறு, பகல் 12.20

மொழியியல் மாணவன் என்ற முறையில் இரண்டு திருத்தம் சொல்ல வேண்டும்.

முதலில் பெயர்கள். 'செமிட்டிக்' என்ற பெயரை 1781-இல் ஷ்லோட்ஸர் என்ற ஜெர்மானியர் வைத்தார். பைபிளில் வரும் நோவாவின் மகன் சேம், அவன் பெயரிலிருந்து எடுத்தது. 'குஷ்' நோவாவின் இன்னொரு மகனான ஹாமின் பிள்ளை. ஆக இரண்டு பெயர்களும் பிறக்கும்போதே குலமுறைக் கதையோடு பிறந்தவை. பின்னால் ஐரோப்பியர்கள் 'ஹாமிட்டிக் இனம்' என்று ஒன்றைக் கற்பனை செய்து, ஆப்பிரிக்காவில் எங்கெல்லாம் அரசும் கட்டடமும் தெரிந்ததோ அதையெல்லாம் வெளியிலிருந்து வந்த அந்த இனத்தின் கணக்கில் எழுதினார்கள். அந்தச் சேற்றிலிருந்து மொழியியலை வெளியே எடுக்கத்தான் அமெரிக்க மொழியியலாளர் கிரீன்பர்க், இந்தக் கிளைகள் எல்லாம் சேர்ந்த பெருங்குடும்பத்துக்கு இருந்த 'ஹாமிட்டோ-செமிட்டிக்' என்ற பெயரைக் கைவிட்டு 'ஆப்ரோ-ஆசிய' என்று மாற்றினார். அதனால் 'செமிட்டிக் மக்கள்', 'குஷிட்டிக் மக்கள்' என்று நீங்கள் எழுதும்போது எனக்கு உறுத்துகிறது.

மூன்றில் ஒமோட்டிக்குக்கு மட்டும்தான் ஆற்றின் பெயர். அதில் யாருடைய வம்சாவளியும் இல்லை.

இரண்டாவது, ஒமோட்டிக் ஒரு 'மக்கள்' ஆவதற்கு முன்னால் ஒரு கிளையாகவே நிற்குமா என்று இன்னும் சண்டை ஓயவில்லை. 1963-இல் கிரீன்பர்க்கின் பட்டியலில் இவை 'மேற்குக் குஷிட்டிக்'. 1969-இல் ஹரோல்ட் ஃபிளெமிங்தான் இவற்றைத் தனிக்கிளையாகப் பிரிக்க வேண்டும் என்றார். ஏன் என்பதற்குப் பிரதிப்பெயர்களே போதும்.

'நான்': அரபு அனா, அம்ஹாரிக் இனெ, ஒரோமோ அனி, அஃபார் அனு.
'நீ': அரபு அந்த்த, அம்ஹாரிக்கும் அந்த்த, ஒரோமோ அத்தி, அஃபார் அத்து.

செமிட்டிக்கும் குஷிட்டிக்கும் ஒரே அச்சு என்பது காதுக்கே தெரிகிறது. 'நானு'க்கு ன், 'நீ'க்கு த். இப்போது வொலாய்த்தா: நான் 'தானி', நீ 'நேனி'. அப்படியே தலைகீழ். ஹமர் மொழியில் 'இந்தா' என்றால் 'நான்'. எகிப்தியரிடம் 'இந்தா' என்றால் 'நீ'.

இன்னொரு சான்று. அரபு வினையில் 'அக்துபு, தக்துபு, யக்துபு, நக்துபு' என்று யார் எழுதுகிறார் என்பது முன்னொட்டில் தெரியும். சோமாலியில் பெரும்பாலான வினைகளுக்கு நம்மைப் போலக் கடைசியில்தான் விகுதி. ஆனால் நாலைந்து பழைய வினைகள் மாறாமல் நிற்கின்றன. வந்தேன் 'இமித்', வந்தாய் 'திமித்', வந்தான் 'யிமித்', வந்தோம் 'நிமித்'. அரபின் அ, த, ய, ந வரிசையோடு பொருத்திப் பாருங்கள். முதன்முதலில் இதைப் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒமோட்டிக் மொழிகளில் இந்த முன்னொட்டு முறையின் சுவடே கிடையாது.

இதையெல்லாம் வைத்து 2006-இல் ரோல்ஃப் தெய்ல் என்ற நார்வே அறிஞர், ஒமோட்டிக் ஆப்ரோ-ஆசியக் குடும்பமே இல்லை என்று வாதிட்டார். கிளாட்டோலாக் என்னும் உலக மொழி அட்டவணை இவற்றை ஒன்றுக்கொன்று உறவு நிறுவப்படாத நான்கு தனிக் குடும்பங்களாக வைத்திருக்கிறது. பலர் இன்னும் ஆப்ரோ-ஆசியத்தின் ஒரு கிளை என்றே கொள்கிறார்கள். நிலைமை இப்படி இருக்கும்போது 'ஒமோட்டிக் மக்களின் முகம்' என்று எதைக் காட்டுவீர்கள்?


முத்துக்கரை | ஞாயிறு, பகல் 1.05

ஒலியன் தம்பி, வொலாய்த்தாவில் 'நீ' என்பதற்கு 'நேனி' என்றால் நம் 'நீ'யோடு தொடர்பு இருக்குமோ? படித்ததும் உடம்பு சிலிர்த்துவிட்டது.


ஒலியன் | ஞாயிறு, பகல் 1.30

தொடர்பு இல்லை அண்ணா. பிரதிப்பெயர்கள் ஓரிரு ஒலிகளால் ஆனவை, உலக மொழிகளில் ந, ம, த மூன்றும் மிகச் சாதாரணமான ஒலிகள். எங்காவது இரண்டு இடத்தில் பொருந்தாமல் இருந்தால்தான் ஆச்சரியம். 'நீ' பொருந்துகிறது என்று எடுத்தால் 'தானி'யை என்ன செய்வது? சோமாலிக்கும் அரபுக்கும் பொருந்துவது ஒற்றைச் சொல் அல்ல, நான்கு முன்னொட்டுகளும் அதே வரிசையில், அதே வேலையில். அதைத்தான் உறவு என்கிறோம்.

ஆனால் உறவே இல்லாமல் ஒத்துப்போகும் ஒன்று உண்டு, உங்களுக்குப் பிடிக்கும். அம்ஹாரிக்கில் ஒருவரைப் பேசாமல் இருக்கச் சொல்ல 'ஸிம் பெல்' என்பார்கள். நேர்ப்பொருள் 'ஸிம் என்று சொல்'. ஒரோமோவில் 'சல் ஜெதி', அதாவது 'சல் என்று சொல்'. வொலாய்த்தாவிலும் 'சொல்' என்ற வினையை வைத்து இதே கட்டுமானம். நாம் 'கம்மென்று இரு' என்கிறோம், 'சட்டென்று', 'பளிச்சென்று' என்கிறோம். அந்த 'என்று' என்பதும் 'சொல்லி' என்ற பொருளில் பிறந்ததுதானே.


வேர்தேடி | ஞாயிறு, மாலை 4.40

இரண்டு பேருக்கும் நன்றி. ஒரு கேள்வி: ஸிம், சல் என்று சொன்னீர்கள். அது கிளை தாண்டியது என்றால், அம்ஹாரிக்கைச் செமிட்டிக் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? வேர்ச்சொல்லை வைத்துத்தானே? வீடு அரபில் 'பைத்', அம்ஹாரிக்கில் 'பேத்'. ஏழு அரபில் 'சப்அ', அம்ஹாரிக்கில் 'சபாத்'. மூன்று மெய்களால் ஆன வினைவேர் அப்படியே இருக்கிறது. உள்ளே எலும்பு மாறவில்லை. எலும்பு மாறாத ஒன்றை ஒரு மரபு என்று சொன்னால் என்ன தவறு?

தெற்குமேடு ஐயா, என்செட் ஒரு பயிர். மண்ணும் மழையும் ஒன்றானால் பயிரும் ஒன்றாகத்தான் இருக்கும். தஞ்சாவூரிலும் வங்காளத்திலும் நெல்தான். அதனால் இரண்டும் ஒன்று என்போமா?

அரசியலுக்கு வருகிறேன். 2020-இல் எத்தியோப்பிய அரசு, அம்ஹாரிக்கோடு இன்னும் நான்கு மொழிகளை மத்திய அரசின் பணிமொழிகளாக்கப்போவதாக அறிவித்தது: ஒரோமோ, சோமாலி, அஃபார், திக்ரின்யா. எண்ணிப் பாருங்கள். அம்ஹாரிக்கையும் சேர்த்தால் செமிட்டிக் இரண்டு, குஷிட்டிக் மூன்று, ஒமோட்டிக் பூஜ்யம். வொலாய்த்தா பேசுகிறவர்கள் இலட்சக்கணக்கில் இருக்கிறார்கள், ஒரு நாற்காலி இல்லை. கிளை முக்கியமில்லை என்றால் இந்தப் பூஜ்யம் எங்கிருந்து வந்தது?


ஒலியன் | ஞாயிறு, மாலை 5.25

பூஜ்யம் உண்மை. காரணம் கிளை அல்ல. 2007 கணக்கில் சிதாமா மக்கள் 4 விழுக்காடு, அஃபார் மக்கள் 1.7 விழுக்காடு. இரண்டும் குஷிட்டிக். இரு மடங்குக்கு மேல் பெரிய சிதாமா பட்டியலில் இல்லை, சின்ன அஃபார் இருக்கிறது. ஏன்? அந்தப் பட்டியல் வரும்போது அஃபாருக்குத் தனி மாநிலம் இருந்தது, சிதாமாவுக்கு இல்லை. சிதாமாவில் 2019 நவம்பரில் வாக்கெடுப்பு நடந்து, 2020 ஜூனில்தான் தனி மாநிலம் ஆனது. நான்கு மொழிகளும் ஏற்கெனவே மாநிலம் வைத்திருந்த மொழிகள். தென் எத்தியோப்பியாவின் ஐம்பதுக்கும் மேற்பட்ட இனங்களை ஒரே மாநிலத்தில் போட்டு, அதன் பணிமொழியாக அம்ஹாரிக்கை வைத்திருந்தார்கள். வொலாய்த்தாவும் சிதாமாவும் ஒரே கூரைக்குக் கீழ்தான் நனைந்தார்கள்.

எலும்பைப் பற்றி: வேர்ச்சொல் செமிட்டிக்தான், சந்தேகமில்லை. ஆனால் தொடரைப் பாருங்கள். எத்தியோப்பியாவின் பழைய செமிட்டிக் மொழியான கீஸில் அரபைப் போல வினை முன்னால் வரும். அம்ஹாரிக்கில் 'நான் காபி குடிக்கிறேன்' என்று நம்மைப் போலவே வினை கடைசியில். நம் வினையெச்சம் போல ஒன்றை அடுக்கி அடுக்கிப் பேசுவார்கள், 'எழுந்து, குளித்து, சாப்பிட்டு, போனான்' என்று. குஷிட்டிக் மொழிக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் செமிட்டிக் பேசக் கற்றுக்கொண்டதன் தடம் இது என்று மொழியியலாளர் வொல்ஃப் லெஸ்லாவ் 1945-லேயே எழுதினார். அதாவது இன்று அம்ஹாரிக் பேசுகிறவர்களில் ஏராளமானோரின் முன்னோர்கள் குஷிட்டிக் பேசியவர்கள். அவர்களை எந்த மக்கள் கணக்கில் எழுதுவீர்கள்?

இதற்கு ஆயிரம் வருடம் பின்னால் போக வேண்டியதில்லை. வடக்கே கோந்தர் நகரத்துப் பக்கத்துக் கெமாந்த் மக்களின் மொழி அகாவ் வகையைச் சேர்ந்தது, குஷிட்டிக். இன்று அதைப் பேசத் தெரிந்தவர்கள் சில முதியவர்கள்தான், மற்றவர்கள் வீட்டிலேயே அம்ஹாரிக் பேசுகிறார்கள். பேரன் 'செமிட்டிக்', தாத்தா 'குஷிட்டிக்' ஆகிவிடுவாரா?

கஃபாத் என்று ஒரு மொழி இருந்தது, கஃபா வேறு. அது செமிட்டிக். 18ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்துப் பயணி ஜேம்ஸ் புரூஸ் அதில் பைபிளின் உன்னதப்பாட்டை மொழிபெயர்த்து வாங்கினார். 1940களில் லெஸ்லாவ் தேடிப்போனபோது பேசத் தெரிந்தவர்களாக ஒரு கைவிரலுக்குள் எண்ணும் அளவு ஆட்கள்தான் கிடைத்தார்கள். இன்று யாரும் இல்லை. அதை விழுங்கியது அம்ஹாரிக். செமிட்டிக் ஆட்சி என்றால், அது செமிட்டிக் மொழியைக்கூடக் காப்பாற்றவில்லை.


தெற்குமேடு | ஞாயிறு, இரவு 9.15

ஒலியன் மொழியில் சொன்னதற்கு நான் அரசர்களைச் சேர்க்கிறேன். லாலிபெலாவில் ஒரே பாறையைக் குடைந்து செய்த தேவாலயங்களை எத்தியோப்பியக் கிறித்தவத்தின் உச்சம் என்கிறோம். அவை எழுந்த ஸாக்வே ஆட்சிக்காலத்து அரசர்கள் அகாவ் மரபினர், குஷிட்டிக் பேசியவர்கள். 18ஆம் நூற்றாண்டில் கோந்தர் அரசர் முதலாம் இயோவாஸின் தாய் ஒரோமோப் பெண், அவர் காலத்து அரண்மனையில் ஒரோமோ மொழி ஒலித்தது. அதற்குப் பின் ஏறத்தாழ எழுபது ஆண்டு அரசரைப் பொம்மையாக வைத்து ஆண்ட யெஜ்ஜு தலைவர்கள் ஒரோமோ வழியினர். நீங்கள் சொன்ன வொலாய்த்தாப் படையெடுப்புக்கு முன்பே மெனெலிக்குக்காகத் தெற்கிலும் மேற்கிலும் படை நடத்திய பெருந்தளபதி கோபனா தாச்சே, அவரும் ஒரோமோ. படையெடுப்பு கொடுமையானது, அதைக் குறைக்க நான் இதைச் சொல்லவில்லை. அதை நடத்தியவர்களைக் கிளை வைத்துப் பிரிக்க முடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

இப்போது முக்கியமான ஒன்று. ஒரே கிளை என்றால் ஒரே மக்கள் என்பதை ஒரு அரசு உண்மையிலேயே செய்து பார்த்தது.

வொலாய்த்தா, காமோ, கோஃபா, தாவ்ரோ நான்கும் ஒமோட்டிக்குக்குள்ளேயே மிக நெருங்கிய மொழிகள். ஒருவர் பேசுவது மற்றவருக்கு ஓரளவு புரியும். 1990களின் கடைசியில் அதிகாரிகள் யோசித்தார்கள்: நான்குக்கும் தனித்தனிப் பாடநூல் எதற்கு, கலந்து ஒன்றாக்கிவிடலாமே. நான்கு பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்து 'வொகாகோதா' என்று ஒரு மொழியைக் கட்டினார்கள். இதிலிருந்து ஒரு சொல், அதிலிருந்து ஒரு சொல். பாடநூல் அச்சாகிப் பள்ளிக்கு வந்தது. 1999-இல் வொலாய்த்தா மக்களும் மாணவர்களும் ஆசிரியர்களும் தெருவுக்கு வந்துவிட்டார்கள். வொலாய்த்தாவின் சோடோ நகரம் கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின, எதிர்த்த ஆசிரியர்கள் கைதானார்கள். கடைசியில் அரசு புத்தகங்களைத் திரும்பப் பெற்றது. மறு வருடமே வொலாய்த்தா தனி மண்டலம் ஆனது.

என் மாணவன் ஒருவனின் அண்ணன் அந்த ஊர்வலத்தில் போனவர். அவன் சொன்னதை மறக்க முடியவில்லை: "சார், அந்தப் புத்தகத்தில் எல்லாச் சொல்லும் எனக்குப் புரிந்தது. ஆனால் அது எங்கள் அம்மா பேசுகிற மாதிரி இல்லை."


வேர்தேடி | ஞாயிறு, இரவு 10.50

இந்த வொகாகோதா எனக்குத் தெரியாது. படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுத முடியவில்லை.

ஆனால் ஐயா, இது என் பக்கத்துச் சான்று என்றே நினைக்கிறேன். மொழிக்காக மக்கள் உயிரைக் கொடுத்திருக்கிறார்கள். மொழிதான் அவர்கள் யார் என்பதை முடிவு செய்திருக்கிறது. என்செட் குழிக்காக யாரும் தெருவுக்கு வரவில்லையே.


தெற்குமேடு | ஞாயிறு, இரவு 11.05

மொழிக்காக வந்தார்கள், உண்மைதான். மொழிக் கிளைக்காக வரவில்லை. சொல்லப்போனால் கிளையை எதிர்த்துத்தான் வந்தார்கள். நான் சொல்ல வந்ததே இவ்வளவுதான்.

சில்தே மக்களையும் பாருங்கள். மொழி செமிட்டிக். குராகேயின் ஒரு பிரிவு என்றே கணக்கில் இருந்தார்கள். நாங்கள் குராகே இல்லை என்று வருடக்கணக்கில் சொல்லி, 2001-இல் வாக்கெடுப்பு நடத்திப் பிரிந்துபோனார்கள்.


செங்காந்தள் | திங்கள், காலை 7.30

நேற்றிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். நல்ல விவாதம். ஆனால் இரண்டு பக்கமும் ஒன்றை விட்டுவிட்டுப் பேசுகிறீர்கள், அது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஒரு மொழி பேசுகிறவர்கள் ஒரு மக்கள் என்று இருவருமே ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். அந்த மொழிக்கு உள்ளே யார் யாரோடு உட்கார முடியும் என்று கேட்டீர்களா?

கஃபாவில் மன்ஜோ என்றொரு பிரிவினர். அவர்கள் பேசுவதும் கஃபா மொழிதான். ஆனால் மற்ற கஃபா மக்கள் அவர்களோடு உட்கார்ந்து உண்ண மாட்டார்கள், வீட்டுக்குள் விட மாட்டார்கள், பெண் கொடுக்க மாட்டார்கள். காமோ மேட்டுநிலத்தில் நிலம் உள்ளவர்கள் 'மாலா'. பானை செய்கிறவர்கள் 'மனா'. தோலும் இரும்பும் தொட்டு வேலை செய்கிறவர்கள் 'தெகலா'. ஊர்ப் பேரவையில் அவர்களுக்குக் குரல் இல்லை, கல்லறைகூடத் தனியாக இருந்திருக்கிறது. இதைப் படித்தபோது எங்கள் ஊர்த் தெருவைத்தான் பார்த்தேன்.

அவர்களை வேறு இனம் என்று காட்ட ஆய்வாளர்களே முயன்றார்கள். உழவர்கள் வருவதற்கு முன் அங்கே வாழ்ந்த பழைய வேடர்களின் மிச்சம்தான் இந்தக் கைவினைஞர்கள் என்று ஒரு கருத்து நெடுநாள் ஓடியது. ஆரி மக்களில் உழவர்களையும் கொல்லர்களையும் வைத்து 2015-இல் மரபணு ஆய்வு வந்தது. இரண்டு பேரும் ஒரே முன்னோரிலிருந்து வந்தவர்கள்தான். கொல்லர்களை ஒதுக்கி, தங்களுக்குள்ளேயே மணக்க வைத்ததால் வந்த வித்தியாசம்தான் மரபணுவில் தெரிகிறது என்று முடிவு. பேசுவது ஒரே மொழி, வந்தது ஒரே வழி, இருந்தும் தனிக் கல்லறை. வேர்தேடி ஐயா, 'ஒமோட்டிக் மக்களுக்கு ஒரு முகம்' என்றீர்களே, அதில் அந்தக் கொல்லன் முகம் தெரியுமா?


வேர்தேடி | திங்கள், காலை 9.20

தெரியாது, அம்மா. நீங்கள் சொன்னது சரி. நான் அதை யோசிக்கவே இல்லை.


ஒலியன் | திங்கள், காலை 10.00

செங்காந்தள் அக்கா சொன்னது எங்கள் துறைக்கும் பொருந்தும். ஒரு மொழியை ஆவணப்படுத்தப் போகிறவர்கள் ஊர்ப் பெரியவரிடம்தான் முதலில் உட்காருகிறார்கள். பானை செய்கிறவரிடம் எத்தனை சொற்கள் இருக்கும்!

பெண்கள் மொழியும் அப்படித்தான். சிதாமாவிலும் கம்பாத்தாவிலும் மருமகள் மாமனார் மாமியார் பெயரைச் சொல்லக் கூடாது என்பதோடு நிற்காது. அந்தப் பெயரின் முதல் அசையில் தொடங்கும் எந்தச் சொல்லையும் சொல்லக் கூடாது. மாமனார் பெயர் 'பு' என்று தொடங்கினால் காபியைக் குறிக்கும் 'புனா'வும் போய்விடும், அதற்கு மாற்றுச் சொல் வைத்திருப்பார்கள். சிதாமாவில் இதற்குப் 'பல்லிஷ்ஷா' என்று பெயர். கணவர் பெயரைச் சொல்லாத நம் பாட்டிகள் 'முருகா' என்று சாமியைக்கூடக் கூப்பிடாமல் இருந்தது நினைவுக்கு வருகிறது.


முத்துக்கரை | திங்கள், காலை 10.40

பள்ளிக்கூட விஷயத்தைக் கேட்க நினைத்தேன். எண்பது மொழியில் பாடம் நடத்த முடியுமா? பொதுமொழி ஒன்று வேண்டாமா? தெற்குமேடு ஐயாவின் மாணவர்கள் தங்களுக்குள் எதில் பேசினார்கள்?


தெற்குமேடு | திங்கள், பகல் 12.15

அம்ஹாரிக்கில். சிதாமாப் பையனும் வொலாய்த்தாப் பெண்ணும் பேச வேறு வழியில்லை. அதை அவர்கள் அவமானமாக நினைத்ததை நான் பார்க்கவில்லை. 2021-இல் கஃபா, பெஞ்ச் முதலிய பகுதிகள் சேர்ந்து தென்மேற்கு மாநிலமாகப் பிரிந்தபோதுகூட, பணிமொழியாக அம்ஹாரிக்கையே வைத்துக்கொண்டார்கள். எந்த ஒரு உள்ளூர் மொழியை எடுத்தாலும் பக்கத்து ஊருக்குக் கோபம் வரும், அதனால்.

ஆனால் முதல் வகுப்பில் உட்காரும் பிள்ளையின் கதை வேறு. 1994 கல்விக் கொள்கைக்குப் பிறகு தொடக்கப் பள்ளியில் தாய்மொழி வந்தது. வயதான சக ஆசிரியர் ஒருவர் காமோக்காரர். அவர் படித்த காலத்தில், வகுப்பில் காமோவில் பேசினால் கையில் அடி விழுமாம். ஐம்பது வருடம் கழித்தும் அதைச் சொல்லும்போது உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டார். அவருடைய பேத்தி காமோ எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள்.


வேர்தேடி | திங்கள், பகல் 2.30

அம்ஹாரிக் பொதுமொழியாக நிற்பது விருப்பத்தால் என்று ஐயா சொல்வதை நான் ஏற்கவில்லை. அந்த உள்ளங்கையில் விழுந்த அடிக்குப் பிறகு வந்த விருப்பம் அது. ஒரோமோக்காரர்கள் 1991-இல் ஏன் அம்ஹாரிக்கின் ஃபிதெல் எழுத்தை விட்டுவிட்டு இலத்தீன் எழுத்தில் 'குபே' என்று தனியாக அமைத்துக்கொண்டார்கள்? ஒனேசிமோஸ் நெசிபும் ஆஸ்தெர் கன்னோவும் பாடுபட்டு 1899-இல் கொண்டுவந்த ஒரோமோ பைபிள் ஃபிதெல் எழுத்தில்தான் இருந்தது. ஆக எழுத முடியாமல் மாறவில்லை.


ஒலியன் | திங்கள், பகல் 3.10

பாதி சரி. ஒரோமோவில் குறில் நெடில் வேறுபாடும் ஒற்று இரட்டித்தலும் பொருளை மாற்றும். ஃபிதெல் எழுத்து இரட்டித்தலைக் காட்டாது, ஒரோமோவின் ஐந்து குறிலையும் ஐந்து நெடிலையும் பிரித்துக் காட்டவும் அதில் போதிய இடமில்லை. அரசியல் காரணம் இருந்ததை மறுக்கவில்லை, ஆனால் காதின் காரணமும் இருந்தது. எழுத்துக்கும் கிளைக்கும் ஒட்டில்லை என்பதையும் கவனியுங்கள். ஒமோட்டிக்கான வொலாய்த்தாவும் இன்று இலத்தீன் எழுத்தில்தான் எழுதுகிறது.


செங்காந்தள் | திங்கள், மாலை 6.00

அடி விழுந்த கைக்காக வேர்தேடி ஐயா கோபப்படுவதில் எனக்கு முழு உடன்பாடு. அந்தக் கோபத்துக்குக் குஷ், சேம் என்ற பெயர்கள் தேவையில்லை என்பதில் தெற்குமேடு ஐயாவோடு நிற்கிறேன்.


வேர்தேடி | திங்கள், இரவு 8.45

முதல் பதிவைத் திருத்தலாம் என்று இருக்கிறேன், பழையது மேலேயே இருக்கட்டும். 'வடக்கு மேட்டுநிலத்துச் செமிட்டிக் அரசர்கள்' என்ற இடத்தில் 'மெனெலிக்கும் அவருடைய தளபதிகளும்' என்று வாசியுங்கள், கோபனா தாச்சேவையும் சேர்த்து. 'மூன்று மக்கள்' என்ற வரியை எடுத்துவிட்டேன். கால்டுவெல் ஒப்பீட்டை இன்னும் விட மனமில்லை, அதைத் தனியாகப் பேசுவோம்.

1955 சட்டம், 2020-இன் பூஜ்யம், பள்ளிக்கு வெளியே நின்ற மொழிகள் பற்றி எழுதியது அப்படியே இருக்கும். வொலாய்த்தாவுக்கு நாற்காலி வேண்டும். ஒமோட்டிக் என்பதற்காக அல்ல, வொலாய்த்தா என்பதற்காக.


தெற்குமேடு | திங்கள், இரவு 9.20

அப்படிச் சொன்னால் நானும் உங்களோடு வருகிறேன். அந்த மாணவனுக்கு இதை அனுப்பலாம் என்று பார்க்கிறேன். அவன் இப்போது சோடோவில் ஆசிரியர். தமிழ் தெரியாது, போனில் சொல்லிவிடுகிறேன். அம்ஹாரிக்கில்தான் சொல்ல முடியும், எனக்கு அவன் மொழியில் 'கலத்தாய்ஸ்' தவிர அதிகம் வராது.